இரவில் மரக்கும் கையும் காலையில் மாட்டிக்கொள்ளும் விரலும்: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஒரு மகள் தம் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 58. ஆடைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். ஆலை மூடிய பிறகு வீட்டிலேயே ரொட்டியும் சமூசாவும் செய்து விற்று வருகிறார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். சில மாதங்களாக நள்ளிரவில் வலக்கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறார். காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்கியபடியே மாட்டிக்கொள்கிறது. மற்றொரு கையால் பிடித்து நிமிர்த்தினால் ‘டக்’ என்று விடுபடுகிறது. எண்ணெய் தேய்த்து நீவினால் போதும் என்று உறவினர் சொல்ல, கிளினிக்கில் அறுவை சிகிச்சை என்ற பேச்சு வந்திருக்கிறது. அறுவை உண்மையில் தேவைதானா, செய்யாவிட்டால் என்ன ஆகும், இதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் நேரான விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் கையில் இருப்பது ஒரு நோயல்ல, இரண்டு. இரவில் மரப்பது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் இருக்கலாம். விரல் மாட்டுவது தசைநாண் அதன் உறைக்குள் தடைபடுவதால். இரண்டுமே சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. விரல் மாட்டுவது தொல்லையே தவிர, பொறுத்துப் பார்ப்பதால் பெரிய இழப்பு நேராது. நரம்பு நசுங்குவது அப்படியல்ல. அதற்கும் அறுவையில்லாத சிகிச்சை உண்டு என்றாலும், காத்திருக்கக்கூடிய காலத்திற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைக் கடந்து போன தசை, பிறகு எவ்வளவு நல்ல அறுவை செய்தாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. கை நோய்களில் வலியின் அளவை வைத்து அவசரத்தை முடிவு செய்வது தவறான வழி. கடுமையாக வலிக்கும் சில நோய்கள் தாமாகவே அடங்கிவிடும். வலியே இல்லாத சில நோய்கள் கையையே முடக்கிவிடும்.

இதைப் புரிந்துகொள்ளக் கையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. ஆனால் விரல்களுக்குள் தசையே கிடையாது. விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன; அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கை வழியாக விரல் நுனிவரை ஓடுகின்றன. மணிக்கட்டில் அவை கடந்து செல்லும் இடம் ஒரு குறுகிய சுரங்கம்: அடியிலும் பக்கங்களிலும் சிறு எலும்புகள், மேலே நீட்சியற்ற கெட்டியான நார்ப்பட்டை. அந்தச் சுரங்கத்துக்குள் 9 தசைநாண்களும், அவற்றோடு மீடியன் நரம்பும் நெருக்கமாகச் செல்கின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள சவ்வு சற்றே தடித்தாலும், உடலில் நீர் கோத்தாலும், அழுத்தம் முதலில் தாக்குவது அங்கே இருப்பவற்றில் மிக மென்மையான நரம்பைத்தான். இதையே கார்பல் டனல் நோய் என்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி, இது அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்பம் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. விசையோடு திரும்பத் திரும்ப மணிக்கட்டை வளைக்கும் வேலையும், அதிரும் கருவிகளைப் பிடிக்கும் வேலையும் இதைத் தூண்டுகின்றன.

எந்த விரல்கள் மரக்கின்றன என்பதை உங்கள் அம்மா கவனித்துச் சொல்வது எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல. மீடியன் நரம்பு கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருகிறது. சுண்டுவிரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனவே சுண்டுவிரல் தப்பித்து மற்றவை மரக்குமானால், குறிப்பாகத் தூக்கத்தில் எழுப்பிவிட்டுக் கையை உதறினால் தணியுமானால், கார்பல் டனல் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். தூங்கும்போது நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால் சுரங்கத்தினுள் அழுத்தம் கூடுகிறது. இரவில் மிகுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலின் பாதியும் மட்டும் மரத்தால், நசுங்குவது அல்னார் நரம்பு. பெரும்பாலும் முழங்கையின் உட்புறத்தில். அப்போது மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிப் பயனில்லை. முழங்கையை மடக்கித் தூங்காமல் பார்த்துக்கொள்வதும், நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றாமல் இருப்பதும்தான் முதல் மருந்து.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இரு மணிக்கட்டுகளையும் முழுதாக மடக்கி, புறங்கைகள் ஒன்றையொன்று தொடும்படி 60 வினாடி வைத்திருக்கும்போது அந்த விரல்களில் ஊசி குத்துவது போலத் தோன்றினால் ஐயம் வலுக்கிறது. அதைவிட முக்கியமானது கண்ணால் பார்க்கும் சோதனை. இரு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் அருகருகே விரித்து, கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கும் சதையை ஒப்பிட்டுப் பாருங்கள். நோயுள்ள கையில் அந்த மேடு தட்டையாகி இருந்தாலோ, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்போது கட்டைவிரலைக் கூரையை நோக்கி நிமிர்த்தும் வலு குறைந்திருந்தாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, இடைவிடாமல் பகலிலும் மரத்திருந்தாலோ, பட்டை கட்டிப் பார்க்கும் கட்டம் முடிந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பது, திரும்பி வராத ஒன்றைக் கையிலிருந்து விட்டுக்கொண்டிருப்பதாகும். வருத்தம் என்னவென்றால், நரம்பு மிகவும் கெட்டுப்போன கட்டத்தில் வேதனை குறைந்துபோவதும் உண்டு. நோய் குணமாகிறது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள்.

சர்க்கரை உள்ளவரிடம் இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கை மட்டுமல்லாமல் இரு பாதங்களும் மரக்கின்றனவா? ஆம் என்றால், உடல் முழுதும் நரம்பு நுனிகளைச் சர்க்கரை பாதித்திருக்கலாம். அதோடு கார்பல் டனலும் சேர்ந்தே இருக்கலாம், ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகாது. இரண்டாவது, மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. புரட்டாசி மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் மரக்கறி மட்டுமே உண்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. அந்தக் குறைவும் கைகால்களை மரக்கச் செய்யும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், கேட்டுப் பெறுங்கள். தைராய்டுப் பரிசோதனையையும் அதே இரத்தத்தில் செய்துவிடலாம். நரம்பின் மின்னோட்ட வேகத்தை அளக்கும் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் சர்க்கரையால் வந்த பாதிப்பையும் மணிக்கட்டில் நசுங்கியதையும் பிரித்தறிய வேண்டிய உங்கள் அம்மா போன்றவருக்கு அது பயன்படும்.

சிகிச்சை, மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையில் தொடங்குகிறது. ஸ்பிளிண்ட் எனப்படும் இது மருந்துக் கடைகளில் கிடைக்கும். அரசு மருத்துவமனையின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் கையின் அளவுக்கே செய்தும் தருவார்கள். இரவில் மட்டும், குறைந்தது 6 வாரம், ஒருநாளும் விடாமல் கட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து நிற்கும்படி செய்யப்பட்ட பட்டைகளும் விற்கின்றன. அவை அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், உள்ளிருக்கும் தகட்டை நேராக்கிய பிறகே கட்ட வேண்டும். மிதமான நோய்க்கு இது மட்டுமே போதுமானதாக இருப்பதுண்டு. கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் குழந்தை பிறந்த பிறகு தானே தணிகிறது. அவர்களுக்கு அறுவை அரிதாகவே வேண்டும்.

பட்டை போதாதபோது, சுரங்கத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நல்ல விடுதலை கிடைக்கும். பலருக்கு ஓராண்டுக்குள் திரும்பி வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரும்; அந்த வாரம் முழுவதும் விரலில் குத்திப் பார்த்துக் குறித்துவர வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் கூட்டிவிடக் கூடாது. கிளினிக்கில் கேட்டே மாற்ற வேண்டும்.

அறுவை என்றவுடன் குடும்பம் முழுவதும் அஞ்சுவதை நான் பார்த்திருக்கிறேன். கார்பல் டனல் அறுவை, கை அறுவைகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியை மட்டும் மரக்க ஊசி போட்டு, சிறு கீறல் வழியாக அந்த நார்ப்பட்டையைப் பிளந்து விடுவார்கள். எதையும் வெட்டி எடுப்பதில்லை. சுரங்கத்தின் கூரை திறந்து இடம் உண்டாகிறது. அன்றே வீடு திரும்பலாம். இரவு வேதனை பெரும்பாலும் சில நாட்களிலேயே நீங்கிவிடும். விரல் நுனியின் உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். ஏனெனில் நரம்பிழை வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். தழும்பும் அதன் இருபுறமும் இரண்டு மூன்று மாதம் அழுத்தினால் வலிக்கும், பிடி தளர்ந்திருக்கும். மாவு பிசைகிறவர் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம் இராது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்த அறுவை பயன் தருகிறது. அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வது புண் ஆறுவதற்காகவும், கிருமித் தொற்றைத் தவிர்ப்பதற்காகவும்தான்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டீர்கள். இளஞ்சூடான நல்லெண்ணெயை மெல்லத் தேய்ப்பதால் கேடில்லை. தோலுக்கும் மனத்துக்கும் இதமாக இருக்கும். அது நரம்பின் மேலுள்ள நார்ப்பட்டையைத் தளர்த்தாது என்பதை மட்டும் அறிந்து செய்தால் போதும். கேடு விளைவிப்பவை வேறு. சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி விரல்களை இழுத்து முறிப்பது கூடாது. மரத்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அதே காரணத்தால் தவாவிலிருந்து ரொட்டியை விரலால் திருப்பும் பழக்கத்தை உங்கள் அம்மா இன்றே விட்டுவிட வேண்டும். நரம்புக்கு நல்லது என்று வைட்டமின் பி6 மாத்திரைகளை அள்ளி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். கார்பல் டனலுக்கு அதனால் பயன் உண்டு என்பதற்குத் தக்க சான்று இல்லை, அளவு மீறி நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும், ஆஸ்பிரின் கலந்த தலைவலிப் பொடிகளையும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் நாள்தோறும் எடுப்பது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து.

இனி மாட்டிக்கொள்ளும் விரல். விரலை மடக்கும் தசைநாண், உள்ளங்கையில் விரலின் அடிப்பகுதியில் ஒரு வளையத்துக்குள் நுழைந்து செல்கிறது. வளையம் தடித்து, தசைநாணிலும் சிறு முண்டு விழுந்துவிட்டால், முடிச்சு விழுந்த நூல் ஊசிக் காதில் சிக்குவது போல் அது அங்கே நின்றுவிடுகிறது. தையல் வேலை செய்த உங்கள் அம்மாவுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மோதிர விரலிலும் கட்டைவிரலிலும் இது அதிகம். பொதுவாக மக்களில் 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் வருவது, சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய 10 பேருக்கு வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்; அவர்களுக்கு ஒரே சமயத்தில் பல விரல்களில் வருவதும் உண்டு. விரலின் அடிக் கணுவை மடங்கவிடாத சிறு பட்டையை இரவில் சில வாரம் கட்டுவதும், கடினமான பிடியைக் குறைப்பதும் தொடக்க நிலையில் போதும். அதற்கு மேல் ஸ்டீராய்டு ஊசி. ஒரே ஊசியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குணமடைகிறார்கள், சர்க்கரை உள்ளவர்களில் அந்தப் பலன் குறைவு. ஒன்றிரண்டு ஊசிகளுக்கும் அடங்காவிட்டால், வளையத்தைப் பிளந்துவிடும் சில நிமிட அறுவை நிலையான தீர்வு தருகிறது. காத்திருப்பதில் ஒரே எச்சரிக்கை: விரல் மடங்கிய நிலையிலேயே நிரந்தரமாக நின்றுவிட்டால், நடுக்கணு இறுகிப்போவதற்கு முன் காட்டிவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் கட்டைவிரல் நுனி நிமிராமல் இருப்பதும் இதே வகைதான். அது பலருக்கு வளர வளரத் தானே சரியாகிவிடுவதால், பெற்றோர் பதற வேண்டியதில்லை.

இரண்டு கைகளும் சேர்ந்து இறுகுவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கர்களிடையே சர்க்கரை நோய் மிகுதி, இந்த அடையாளமோ வீட்டிலேயே தெரியக்கூடியது. கோயிலில் கைகூப்பும்போது இரு உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். விரல்கள் முழுதாக நிமிராமல், நடுவே சந்து தெரிந்தால், நெடுநாள் சர்க்கரையால் தோலும் மூட்டைச் சுற்றிய திசுக்களும் தடித்து இறுகியிருக்கின்றன என்று பொருள். மிகுந்த சர்க்கரை கொலாஜன் என்ற புரதத்தோடு ஒட்டி அதை விறைப்பாக்கிவிடுவதே காரணம். வலி இருக்காது, ஆகவே யாரும் சொல்வதில்லை. ஆனால் கைகள் இப்படி இறுகியவர்களில் கண் விழித்திரையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த இடைவெளியைக் கண்டவுடன் கண்ணையும் சிறுநீரையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். நாள்தோறும் விரல்களை நீட்டிப் பயிற்சி செய்வதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி. உள்ளங்கைத் தோலின் அடியில் கயிறு போல் தடித்து மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மெல்ல உள்ளே இழுக்கும் துப்புயித்ரேன் நோயும் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல். கையை மேசையில் விரித்துத் தட்டையாக வைக்க முடியாமல் போனால் காட்டினால் போதும், அதுவரை பொறுக்கலாம்.

கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வரும் வலிக்கு 1895இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவெர்வெய்ன் விவரித்த நோய் முக்கியக் காரணம். கட்டைவிரலை விரித்து நீட்டும் இரு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் உரசிப் புண்படுவது இது. பிள்ளை பெற்ற இளம் தாய்மாருக்கு அதிகம் வரும். குழந்தையின் அக்குளில் கட்டைவிரல்களைக் கொடுத்துத் தூக்குவதைத் தவிர்த்து, உள்ளங்கையைக் குழந்தையின் பிட்டத்தின் அடியில் கொடுத்து அள்ளி எடுக்கக் கற்றுக்கொடுத்தாலே பாதி குறையும். கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டை, ஓர் ஊசி. அறுவை மிகச் சிலருக்கே வேண்டும்.

புறங்கை மணிக்கட்டில் திடீரென்று தோன்றும் உருண்டையான கட்டி பெரும்பாலும் கேங்லியன். கூழ் போன்ற நீர் நிறைந்த பை அது; புற்றுநோய் அல்ல. கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைக்கும் பழைய பழக்கத்தை யாரும் செய்ய வேண்டாம். வலிக்காவிட்டால் விட்டுவிடலாம், பல கட்டிகள் தாமாகவே மறைகின்றன.

மூட்டு நோய்களில் இரண்டைப் பிரித்தறிவது மிக முக்கியம். ஒன்று தேய்மானம். கட்டைவிரலின் அடிமூட்டில் வந்தால் ஜாடி மூடியைத் திருகுவதும் சாவி திருப்புவதும் வலிக்கும். விரல் நுனிக் கணுக்களில் வந்தால் சிறு முண்டுகள் எழும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். தாங்கு பட்டை, தடித்த பிடியுள்ள கரண்டி, வலியுள்ள நாட்களில் மேற்பூச்சு மருந்து ஆகியவற்றோடு பெரும்பாலோர் சமாளித்துக்கொள்கிறார்கள். இதற்கு அவசரம் எதுவும் இல்லை.

மற்றது முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். இரு கைகளிலும் ஒரே சமயத்தில் விரலடிக் கணுக்களும் நடுக்கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்து, ஆறு வாரமாகியும் தணியாவிட்டால் அது தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளை அரிக்கிறது. முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம், தாமதித்தால் கோணிய விரல்கள் நேராகா. கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1967 டிசம்பர் 3 அன்று மனித இதயத்தை முதன்முதலாக மற்றொரு மனிதருக்குப் பொருத்திய கிறிஸ்டியன் பர்னார்டுக்கு இந்த நோய் 1950களிலேயே கண்டறியப்பட்டிருந்தது. 1983இல் அவர் அறுவைப் பணியிலிருந்து விலக நேர்ந்ததற்கு அந்தக் கைகளே காரணம். இன்று இந்நோய்க்கு முதலில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், அமெரிக்காவில் இதற்கென்று அனுமதி பெற்றதே 1988இல்தான். அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு இப்போது அரசு மருத்துவமனைக்குப் போகும் எவருக்கும் உண்டு. ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து நாள்தோறும் எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் எந்தக் கிழமை என்பதைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

கையூன்றி விழுந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து விளையாடும் இளைஞர் விழுந்து, மணிக்கட்டு லேசாக வலிக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வீடு திரும்புவார். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மூக்குப்பொடி வைத்து உறிஞ்சும் சிறு குழி ஒன்று தெரியும். அங்கே அழுத்தினால் வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது சாதாரணம். கட்டுப் போட்டு வைத்து, 10 முதல் 14 நாளில் மீண்டும் படம் எடுக்க வேண்டும். இந்த எலும்புக்கு இரத்தம் நுனிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால், முறிந்து விலகினால் மறுபாதி இரத்தமின்றிச் செத்துவிடக்கூடும். ஆண்டுகள் கழித்து மணிக்கட்டு முழுவதும் தேய்ந்துபோகும். வயதான பெண்கள் விழும்போது முறிவது பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பு. அது எளிதில் கூடிவிடும். ஆனால் ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்கும்போது விரல்களையும் தோளையும் நாள்தோறும் அசைக்காவிட்டால் கை இறுகிப்போகும். எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்து அதற்கும் மருந்து கேட்க வேண்டும்; அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது: சர்க்கரை உள்ளவரின் கையில் ஏறும் கிருமி. மீன் கழுவும்போது முள் குத்தலாம், நண்டு ஓடு கீறலாம், தோட்டத்தில் முள் தைக்கலாம். அன்று பொருட்படுத்தாத அந்தச் சிறு புண்ணிலிருந்து இரண்டே நாளில் விரல் முழுவதும் வீங்கும். விரல் தானாகச் சற்று மடங்கிய நிலையில் நிற்பது, ஒரே சீராகப் பருத்திருப்பது, உள்ளங்கைப் பக்கம் விரலின் நீளம் முழுவதும் தொட்டால் வலிப்பது, பிறர் மெல்ல நிமிர்த்தினால் துடிப்பது ஆகிய நான்கும், தசைநாணின் உறைக்குள் சீழ் ஏறியதற்கான அடையாளங்கள். அதை அன்றே திறந்து கழுவாவிட்டால் தசைநாண் அழுகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலையும் ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் பலமுறை நேர்ந்திருக்கிறது. வீட்டில் பற்று வைத்துப் பழுக்கவிடுவதும், மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போடுவதும் இதில் பெரும் பிழை. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சண்டையில் மற்றவர் பல்லில் பட்டுக் கிழிந்த விரல்கணுவும் இதே வரிசையில் சேரும். சிறு கீறலாகத் தெரிந்தாலும் பல்லின் கிருமி மூட்டுக்குள் போயிருக்கும்.

உங்கள் அம்மாவின் வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை; அந்த வருமானமும், சமைத்துக் கொடுப்பதில் அவருக்குள்ள நிறைவும் எனக்குப் புரிகின்றன. செய்யும் விதத்தை மாற்றலாம். மாவை இளக்கமாகப் பிசைந்தால் உருட்ட விசை குறைவாகப் போதும். முடிந்தால் பிசைவதை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். உருட்டும்போது கட்டையை இறுகப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையால் தள்ள வேண்டும். மேசை இடுப்பளவு உயரத்தில் இருந்தால் மணிக்கட்டு வளையாது. ஒரே மூச்சில் நூறு சமூசா மடிப்பதைவிட, உருட்டுவதும் பொரிப்பதும் மடிப்பதுமாக வேலையை மாற்றி மாற்றிச் செய்வது நரம்புக்கு ஓய்வு தரும்.

இன்றும் தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1993ஆம் ஆண்டின் தொழில்சார் காயங்கள் மற்றும் நோய்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், வேலையால் வந்த கைநோய்க்கும் இழப்பீடு கோரலாம். பிறர் வீட்டில் வேலை செய்பவர்களையும் அந்தச் சட்டத்திலிருந்து ஒதுக்கியது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துள்ளது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அது பொருந்தாது. கோருகிறவர் முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதே, எந்த இயந்திரத்தில், நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். நோய் வேலையால் வந்தது என்று பின்னால் நிறுவ அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

உங்கள் அம்மா கிளினிக்குக்குப் போகும்போது, எந்த விரல்கள் எந்த இரவில் மரத்தன என்று இரண்டு வாரக் குறிப்பும், சர்க்கரை அளவுகளும், எடுக்கும் எல்லா மாத்திரைகளும் உடன் இருக்கட்டும். கட்டைவிரல் அடிச்சதை மேடாகவே இருந்து, மரப்பது இரவில் மட்டும் என்றால், ஆறு வாரம் பட்டை கட்டிவிட்டு மீண்டும் காட்டலாம். சதை இளைத்திருந்தால், அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும் பரிந்துரைக் கடிதத்தில் ‘தசை மெலிந்துள்ளது’ என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமல்லாத அறுவைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் வரிசை நீளம், அந்த ஒரு சொல் அவரை முன்னே கொண்டுவரக்கூடும். மோதிர விரலுக்கும் அறுவையே முடிவானால், ஒரே கை என்பதால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே முறை மரக்கச் செய்து முடித்துவிட முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும்.